ஒரு மண்டலமும் பத்துப் பாயிண்டும்

இந்த வலை மூட்டை உங்கள் முழங்காலில் இடித்தால் சொல்லிவிடுங்கள், மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறேன். மேலே பலகையில் வைக்கலாம்தான். ஆனால் பந்து நான்கும் இதற்குள்தான் இருக்கின்றன. ஏறின பிறகு மூன்று தடவை எண்ணிவிட்டேன். மேலே வைத்தால் நான்காவது தடவையும் எண்ண வேண்டி வரும்.

முன்னால் சத்தம் போடுகிறார்களே, அந்தப் பன்னிரண்டு பெண்களும் எங்கள் ஊர்தான். பூவன்குறிச்சி. கைப்பந்துப் போட்டிக்குப் போகிறோம். நான் விளையாடுவதில்லை, அவர்கள்தான். மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக ஒருத்தி கண்டக்டருக்கு முறுக்கு நீட்டுகிறாள் பாருங்கள், அவள் கேப்டன். பெயர் ஆவுடையம்மாள். வயது ஐம்பத்தெட்டு. என் வீட்டுக்காரி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். நானே மூன்று மாதமாக அப்படித்தான் இருக்கிறேன். பல் துலக்கும்போது சிரிப்பு வந்து நுரை புரையேறுகிறது. இதே பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பக்கத்து ஆளிடம் மணி கேட்டதுகூட இல்லை. இன்றைக்கு வாய் நிற்க மாட்டேன் என்கிறது. நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? சரி, அதற்குள் சொல்லிவிடலாம்.

என் பெயர் நல்லசிவன். எட்டாவது வரைதான் படிப்பு. அரிசி ஆலையில் மூட்டை எண்ணுகிற வேலை பார்த்தேன். லாரியில் ஏற ஏற எண்ண வேண்டும். முதல் மூட்டைக்கு 'ஒன்று' என்று சொல்லக்கூடாது, 'லாபம்' என்று சொல்ல வேண்டும். லாபம், ரெண்டு, மூணு. எங்கள் பக்கத்தில் அளக்கிறவர்கள் வழக்கம் அது. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கைப்பந்துக் கழகத்துத் தலைவர் திருமலையப்பன் அண்ணாச்சி ஆலைக்கு வந்தார். நான் எண்ணுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"வேய், சாயங்காலம் மைதானத்துக்கு வாரும். எங்க ஆளுக பாயிண்டுக்கு மண்டைய ஒடைச்சுக்கிடுதானுவ. எண்ணுததுக்கு ஒரு மனுஷன் வேணும்" என்றார்.

அன்றைக்கு ஸ்கோரர் ஆனவன்தான். இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்துநான்கு ஆட்டம் எழுதியிருக்கிறேன். ஒரு பாயிண்ட் தப்பியதில்லை. முதல் பாயிண்டுக்கு இன்றைக்கும் 'லாபம்' என்றுதான் சொல்வேன். வெளியூர் அணிகள் திகைத்துப்போய் என்னைப் பார்க்கும். நான் குனிந்துகொள்வேன்.

ஸ்கோரருக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு அணியில் ஆறு பேர். ஆறு பேரும் முறை வைத்து, ஒருவருக்குப் பின் ஒருவராக சர்வீஸ் போட வேண்டும். அதற்குச் சுழற்சி என்று பெயர். முறை தப்பி வேறு ஆள் போட்டால் ஸ்கோரர் மணி அடித்து நிறுத்த வேண்டும். என் மேஜையில் அதற்கென்று ஒரு சைக்கிள் மணி திருகி வைத்திருக்கிறது. எங்கள் ஆட்கள் முறையா பார்ப்பார்கள்? பலமாக அடிக்கிறவன் எவனோ அவன் பந்தைப் பிடுங்கிக்கொள்வான். நான் மணி அடித்ததே கிடையாது. அடித்தால் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களே, அந்தக் கூச்சம். தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். முப்பத்தொரு வருடத்தில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.

கழகம் எப்படி இருந்தது என்று கேட்டால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் பாட்டில். கொட்டகைக்குள் சீட்டாட்டம், சிகரெட்டுப் புகை. வாயைத் திறந்தால் அம்மா, அக்காவை இழுக்காமல் ஒரு பேச்சு கிடையாது. கழிப்பறை என்றால் கருவேல மரம். குடிக்கத் தண்ணீர் இல்லை, ஆனால் மிக்சிங்குக்குத் தண்ணீர் பாக்கெட் உண்டு. பிள்ளைகள் உள்ளே வந்தால் விரட்டுவார்கள். பெண்கள் அந்தத் தெருவிலேயே நடப்பதில்லை, சுற்றிக்கொண்டு போவார்கள். நான் குடித்ததுமில்லை, சீட்டைத் தொட்டதுமில்லை. எண்ணினேன், அவ்வளவுதான்.

இந்தத் தை மாதம் பிறந்ததும் ஆவுடையம்மாள் ஒருநாள் சொன்னாள், "ஒரு மண்டலம் நான் விடியக்காலம் போகணும், நீங்க பாலை வாங்கி வச்சிருங்க." மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள் விரதம், உங்களுக்குத் தெரியாததா? தெற்குத் தெரு முடிவில் முப்பிடாதி அம்மன் கோயில். அதை ஒட்டினாற்போல் பெண்கள் பள்ளிக்கூடம். ஐந்து மணிக்குக் கிளம்பி அந்தப் பக்கம்தான் போனாள். திரும்பி வரும்போது சேலையெல்லாம் வேர்வை. முழங்கையில் மண். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் உள்பக்கம் செக்கச்செவேல் என்று சிவந்து கிடந்தது.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அங்கப்பிரதட்சணம்! கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு கல் தரையில் உருண்டால் கை அப்படித்தானே ஆகும்? இந்த வயசில், சர்க்கரை இருநூற்று எண்பதை வைத்துக்கொண்டு உருளுகிறாள் என்றால் எவ்வளவு பெரிய வேண்டுதலாக இருக்க வேண்டும்? பூசாரி ஆறரைக்குத்தான் நடை திறப்பார் என்பது எனக்குத் தெரியும். உருளுவது வெளிப் பிராகாரத்தில்தானே என்று அதற்கும் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் வாயால் 'கோயில்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். மண்டலம் என்றாள், போகணும் என்றாள். கோயிலைச் சேர்த்தவன் நான்.

ஒன்பதாம் நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "யாருக்காக இந்த வேண்டுதல்?"

இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள், "எல்லாம் உங்க கழகத்துக்குத்தான்." அன்றைக்கு ஐந்து இட்லி சாப்பிட்டாள். வழக்கம் மூன்று.

கழகத்துக்குத்தான் என்றால் என்ன அர்த்தம்? கழகம் ஒழிய வேண்டும் என்று அம்மனிடம் முறையிடுகிறாள், அதுதானே அர்த்தம்? நான் அன்றைக்கு மைதானத்தில் ஆட்டத்தை எழுதினேனே தவிர, மனசு என்னிடம் இல்லை. தலைவர் அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் முகமும் சரியில்லை. மெல்ல ஆரம்பித்தார். அவர் மருமகளும் ஒரு மண்டலம் என்று விடியக்காலம் போகிறாளாம். கை இரண்டும் சிவந்திருக்கிறதாம்.

கொஞ்ச நேரத்தில் உலகநாதன் வந்தான். எங்கள் அணியில் பெரிய அடிகாரன் அவன்தான், ஆறடி ஆள். "மாமா, எங்க வீட்லயும்" என்றான். விசாரித்துப் பார்த்தால் மொத்தம் பன்னிரண்டு வீடு. நான்தான் எண்ணினேன். பன்னிரண்டு பெண்கள், இருபத்துநான்கு சிவந்த கை.

கொட்டகைக்குள் ஒரு கூட்டம் நடந்தது பாருங்கள், முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு அமைதியான கூட்டம் நான் கண்டதில்லை. ஒருத்தி உருண்டாலே அம்மன் இறங்கி வந்துவிடுவாள், பன்னிரண்டு பேர் உருண்டால் கழகம் என்ன ஆவது? போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒருவன் கேட்டான். பெண்பிள்ளைகள் ஈரத்துணியோடு உருளும் இடத்துக்கு ஆம்பிளை போவதா என்று தலைவர் அவனைத் தீட்டிவிட்டார். ஆகையால் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. ஒருவரும்.

நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. ராத்திரி உட்கார்ந்து ஒரு தாளில் பத்தொன்பது திருத்தம் எழுதி, மறுநாள் தலைவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்குக் கழகம் திருந்தியதற்குக் காரணம் அந்தத் தாள்தான். அம்மன் பயம் என்று சிலர் சொல்வார்கள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாளில் வரிசை எண் போட்டு எழுதியிருந்தேன் பாருங்கள், அதில்தான் மடங்கிவிட்டார்கள்.

பாட்டில் மட்டும் மூன்று சாக்கு. சீட்டுக்கட்டை எரித்தோம். கழிப்பறை இரண்டு கட்டினோம். பெண்கள் கழிப்பறைக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் வேண்டும் என்று நானே நின்று, சாத்தித் திறந்து இருபது தடவை பார்த்தேன். பானையில் தண்ணீர். உட்கார நிழலில் நான்கு பெஞ்சு. பரோட்டாக் கடையிலிருந்து வருவதை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் சுண்டல். கெட்ட வார்த்தை பேசினால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். யார் எத்தனை என்று எழுதுவது என் பொறுப்பு. வார்த்தையை எழுதக் கூச்சமாக இருந்ததால் 'க.வா.' என்று மட்டும் போடுவேன். முதல் நாள் உலகநாதன் இருபத்திரண்டு சுற்று. ஓடும்போது திட்டியதற்கு ஆறு சுற்று. அது தனி. ஒரு மாதத்தில் அவனுக்குத் தொந்தி கரைந்து, பழைய பேண்ட் பொருந்தியது.

இதற்கிடையில் ஆவுடையம்மாளுக்கு ரத்தம் சோதித்தோம். இருநூற்று எண்பது நூற்று அறுபதாக இறங்கியிருந்தது. நான் முப்பிடாதி அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

நாற்பத்தெட்டாம் நாள். விரதம் முடித்து வருகிறவர்களைக் கழகத்தின் சார்பில் வரவேற்கலாம், கோபமும் தணியும் என்று தலைவர் ஒரு தாம்பாளத்தில் குங்குமம், சந்தனத்தோடு மைதான வாசலில் நின்றார். நாங்கள் அத்தனை பேரும் வேட்டி கட்டி அவர் பின்னால் நின்றோம். தெரு முனையில் வந்தார்கள். முன்னால் பெண்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியை, ஜெசிந்தா டீச்சர், கழுத்தில் விசிலோடு. அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர். சேலைக்குக் கீழே ஷூ. ஆவுடையம்மாள் கக்கத்தில் ஒரு கைப்பந்து.

தலைவர் தாம்பாளத்தை உலகநாதன் கையில் திணித்தார். எனக்கு அந்தச் சிவந்த கை இரண்டும் கண் முன்னால் வந்தன. கைப்பந்தைக் கீழ்க்கையால் எடுத்தால் முதல் மாதம் எல்லாருக்கும் கை அப்படித்தான் சிவக்கும். முப்பத்தொரு வருடமாகப் பார்த்தவன் நான், ஆயிரம் கை பார்த்தவன்.

ஆவுடையம்மாள்தான் பேசினாள். "அண்ணாச்சி, எனக்குச் சர்க்கரை. நடங்கன்னு டாக்டர் சொன்னாரு. ரோட்டுல நடந்தா லாரி, தெருவுல நடந்தா நாய். பள்ளிக்கூடத்துல பரீட்சை வருது, இனிமே அங்க இடம் இல்லங்காக. தெனம் சாயங்காலம் அஞ்சுலேருந்து ஆறரை வரைக்கும் இந்த மைதானம் எங்களுக்கு வேணும். பிள்ளைகளும் வரும்."

தலைவர் அதற்குள் சமாளித்துக்கொண்டார். வேண்டுதல் இல்லை, அம்மன் கோபம் இல்லை என்றதும் பழைய தலைவர் திரும்பிவிட்டார். கைப்பந்து மைதானம் கைப்பந்து ஆடுகிறவர்களுக்குத்தான் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆண்கள் அணியோடு ஒரு செட் ஆடட்டும். ஆண்கள் இருபத்தைந்து எடுப்பதற்குள் அவர்கள் பத்துப் பாயிண்ட் எடுத்தால் மைதானம் அவர்களுக்கு. எடுக்காவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டுப் போகலாம்.

"எழுதிக் குடுங்க" என்றாள் ஆவுடையம்மாள். "மைதானம் பஞ்சாயத்துது. உங்க தாத்தா வீட்டு முற்றம் இல்ல. ஆனாலும் எழுதிக் குடுங்க." எழுதியது நான்தான். என் கையெழுத்துத்தான் தெளிவாக இருக்கும்.

அந்த ஒரு வாரம் வீட்டில் நான் பட்ட பாடு! ஆண்கள் அணி என்றால் என் கழகம். பெண்கள் அணி என்றால் என் வீடு. பத்து எடுக்காவிட்டால் அவள் மறுபடியும் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவாள், சர்க்கரை மறுபடியும் ஏறும். அது எனக்குத் தெரியும். ஆனால் ஸ்கோரர் மேஜையில் உட்கார்ந்தவனுக்கு வீடும் இல்லை, கழகமும் இல்லை. இதை அவளிடம் சொன்னேன். "சரி, நேரா எண்ணுனா போதும்" என்றாள்.

நடுவராக வெளியூரிலிருந்து அந்தோணிராஜ் சார் வந்தார். விதியில் ரொம்பக் கறாரானவர். மைதானத்தைச் சுற்றி இருநூற்றுப் பதினேழு பேர், பாதிக்கு மேல் பெண்கள். முப்பத்தொரு வருடத்தில் மைதானத்துக்குள் பெண் குரல் கேட்டது அன்றைக்குத்தான். முதல் சர்வீஸை ஆண்கள் பெண்களுக்கே விட்டுக்கொடுத்தார்கள். போட வந்தவள் ஆவுடையம்மாள். கீழ்க்கையால் ஒரு போடு போட்டாள். பந்து வேப்பமரத்து உச்சி வரைக்கும் போய், வெயிலுக்குள் மறைந்து, நேராக இறங்கியது. அண்ணாந்து பார்த்த உலகநாதனுக்குக் கண் கூசி, பந்து அவன் தோளில் பட்டு எங்கோ போயிற்று.

"லாபம்" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம். இத்தனை பேருக்கு நடுவில் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

வேப்பமரத்து உச்சியிலேயே இன்னும் மூன்று பாயிண்ட் எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்து ஐந்து. ஒன்பது. ஆண்களுக்குப் பதினெட்டு. அடுத்த பந்தை ஆண்கள் எடுத்தார்கள், பத்தொன்பது. இப்போது சர்வீஸ் அவர்களுக்கு. முறைப்படி போட வேண்டியவர் சுடலைமணி. வயதானவர், பத்துக்கு எட்டு வலையில்தான் அடிப்பார். அது எல்லாருக்கும் தெரியும். உலகநாதனுக்கும் தெரியும். அவர் கையிலிருந்த பந்தை வாங்கிக்கொண்டு அவனே கோட்டுக்குப் போய்விட்டான்.

நான் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். வழக்கம்போல.

அவன் அடித்தது பந்தா, பீரங்கிக் குண்டா? இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. தலைவர் மருமகள் கையில் பட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருபத்துமூன்று. இருபத்துநான்கு. ஆவுடையம்மாள் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். உலகநாதன் பந்தை மண்ணில் இரண்டு தட்டு தட்டி, உயரப் போட்டு அடித்தான். இருபத்தைந்து. ஆண்கள் குதித்தார்கள். தலைவர் நன்றி சொல்ல எழுந்துவிட்டார்.

மணி அடித்தது.

நான் அடித்தேன் என்று சொல்ல மாட்டேன், என் கட்டைவிரல் அடித்தது. மைதான ஓரத்தில் நின்ற இரண்டு பேர் சைக்கிள் வருகிறது என்று விலகி நின்றார்கள். இருநூற்றுப் பதினேழு தலையும் என் பக்கம் திரும்பியது.

"என்ன ஸ்கோரர்?" என்றார் அந்தோணிராஜ் சார்.

"சுழற்சி தப்பு சார். சர்வீஸ் சுடலைமணிது."

உலகநாதன் பாய்ந்து வந்தான். "மாமா, முப்பத்தொரு வருஷமா அடிக்காத மணிய இன்னைக்கு எதுக்கு அடிக்கீரு? பொண்டாட்டி ஆட்டத்துல மட்டும் மணிக்கு வாய் மொளைச்சிட்டோ?" என்று கேட்டுவிட்டு ஒரு வார்த்தையும் சேர்த்தான். நான் 'க.வா.' என்று எழுதிக்கொண்டேன்.

நடுவர் தாளை வாங்கிப் பார்த்தார். "எதிலேருந்து தப்பு?"

"இருபதிலேருந்து சார். ஆறு சர்வீஸும் இவன்தான்."

"தப்பான ஆள் போட்ட சர்வீஸ்ல வந்த பாயிண்டெல்லாம் செல்லாது. ஆறையும் அடிங்க. பத்தொன்பது. அந்தப் பக்கம் ஒண்ணு சேத்துப் போடுங்க. என்ன ஆச்சு?"

எழுந்து நின்று சொன்னேன். நான் எழுந்து நின்று சொன்னதே இல்லை. "பத்து."

அதற்குப் பிறகு ஒன்றும் காதில் விழவில்லை. ஜெசிந்தா டீச்சர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். தலைவர் மருமகள் தலைவரையே கட்டிப்பிடித்துவிட்டு, யார் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சிரித்துவிட்டார், வேறு என்ன செய்வார்? பிள்ளைகள் எல்லாம் உலகநாதனை நோக்கி, ஒரு சுற்று, ஒரு சுற்று என்று கத்தினார்கள். அவன் ஓடினான். பாதி வழியில் அவன் பெண்டாட்டியும் கூட ஓடினாள். அப்புறம் பிள்ளைகள் ஓடின. கடைசியில் சுடலைமணிகூட ஓடினார்.

ஆட்டம் முடியவில்லையே, மறுபடி ஆடினோம். இருபத்தைந்து, பதினான்கு. பதினொரு பாயிண்டில் தோற்ற அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனதை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஊரில் நடந்தது. இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்தில் நாற்பது ஐம்பது பேர். நேற்று அறுபத்தொன்று. கைக்குழந்தையைச் சேர்க்காமல்.

ஆனால் உலகநாதன் சொன்னது மட்டும் மனசில் நிற்கிறது. நீங்கள் வெளியாள், நீங்களே சொல்லுங்கள், நான் செய்தது பாரபட்சமா? விதி விதிதானே? இருபதிலேயே அடித்திருக்கலாமே என்கிறார்கள். எழுதிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்றிலும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். வேறு யார் விளையாடியிருந்தாலும் அடித்திருப்பேன். அதற்குப் பிறகு ஆண்கள் ஆட்டத்தில் ஒரு தடவையாவது அடித்தீரா என்று கேட்கிறீர்கள். பதினேழு தப்பு நடந்திருக்கிறது, புள்ளி வைத்திருக்கிறேன். அதெல்லாம் சின்னச் சின்னத் தப்பு, விடுங்கள்.

இந்தப் பேச்சே வேண்டாம் என்றுதான் இன்றைக்குப் போட்டி நடத்துகிறவர்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டேன். ஸ்கோரர் மேஜையில் என்னை உட்காரச் சொல்லாதீர்கள், என் வீட்டுக்காரி ஆடுகிறாள், நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்கள் என்று. அவர்களும் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். சின்ன வயசு ஆள் என்கிறார்கள், அனுபவம் எப்படியோ. நான் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். எதிரணி சுழற்சியில் தப்புச் செய்து, அவர் கவனிக்காமல் விட்டால், ஒரு தடவை இருமுவேன். அவ்வளவுதான்.

வயசானவனுக்கு இருமல் வராதா?